வராத செய்திக்கு ஒரு திருத்தம்

அத்தியாயம் 7

மூன்று மாதச் செய்தித்தாள்களை ஒரே மூச்சில் படித்தால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று கொழுந்தனுக்கு அன்று காலை பத்தரை மணிக்குத் தெரிந்தது. தலைவலி வந்தது. விஷயம் வரவில்லை.

"அண்ணி, இதைக் கேளுங்க. முதல் பக்கம். 'நடிகரின் நாய்க்குக் காய்ச்சல்.' ரெண்டு நாள் கழிச்சு, அதே முதல் பக்கம். 'நாய் நலம்.' நடுவுல ஒரு நாள் நாடே தூங்காம கிடந்திருக்கு."

"மேல படி," என்றாள் அண்ணி. தலை நிமிரவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு அறை. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, தரை முழுக்கச் செய்தித்தாள். அண்ணி பதினாறு வருடம் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவள். எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்டவர்களைப் பிடிப்பது அவள் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. வானொலியில் செய்தி வாசித்தவன். அமைச்சர் ஒருவரின் அறிக்கையை வாசிக்கும்போது சிரித்துவிட்டான். சிரிப்பு நான்கு விநாடி. வேலை போனது மூன்றாவது விநாடியில்.

எதிரே நாற்காலியின் நுனியில் அந்தத் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பவள். கட்டைவிரலில் ஊசித் தழும்பு. செய்தித்தாள் கட்டுகளை அவள்தான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தாள்.

"தினமும் வாங்கினேன்க்கா," என்றாள். "இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு."

வரவில்லை.

அவள் கணவர் உளவுத் துறையில் பதிவறை எழுத்தர். ஒரு நாள் அவர் மேசைக்கு ஒரு பட்டியல் வந்தது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் துறை ஒட்டுக்கேட்கும் தொலைபேசி எண்கள். நீதிபதிகள், மருத்துவர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள், ஆளுங்கட்சிக்காரர்களின் மனைவிமார்கள். கீழே ஓர் அதிகாரியின் கையெழுத்து. எழுத்தர் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்தார். மற்றதை நாட்டிலேயே அதிகம் விற்கும் பத்திரிகைக்கு நேரில் போய்க் கொடுத்தார்.

அண்ணி ஒரு தாளில் மூன்று தேதிகள் எழுதியிருந்தாள். பத்தாம் தேதி, பத்திரிகையில் கொடுத்தது. இருபதாம் தேதி, வேலை நீக்கம். இருபத்தேழாம் தேதி, கைது.

"அரசாங்க வக்கீல் என்ன சொல்றார்?" என்று கேட்டாள். தெரிந்த பதில்தான். வேறொருவர் வாயால் மறுபடி கேட்பது அவள் பழக்கம்.

"அப்படி ஒரு பட்டியலே கிடையாதாம். வேலை போன கோபத்துல இவரே வீட்டுல உக்காந்து தயார் பண்ணினாராம். கையெழுத்தும் இவரே போட்டுக்கிட்டாராம். இருபதாம் தேதிக்கு அப்புறம்."

"பத்திரிகைக்காரங்க?"

"எங்களுக்கு எதுவும் வரலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"மத்த பத்திரிகைகளுக்கும் போனீங்களா?"

"நாலு ஆபீஸ். ஒருத்தர் படிக்கிறவங்களுக்குப் புரியாதுன்னார். ஒருத்தர் தேர்தல் முடியட்டும்னார். இன்னொரு தம்பி, உங்க வீட்டுக்காரர் அழற மாதிரி ஃபோட்டோ இருக்கான்னு கேட்டுச்சு. நாலாவது இடத்துல வாசல்லயே நிறுத்திட்டாங்க."

"நாலாவது ஆள்தான் யோக்கியன்," என்றான் கொழுந்தன். "நேரத்தை வீணாக்கல."

நாளைக் காலை பதினொரு மணிக்கு நீதிமன்றம். பட்டியல் இருபதாம் தேதிக்கு முன்பே இருந்தது என்று காட்டினால் வழக்கு நொறுங்கும். காட்டாவிட்டால் எழுத்தரை எல்லைப்புறச் சிறைக்கு மாற்றுவார்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள். மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம், கம்பிவலைக்கு அந்தப் பக்கமாக.

"கொடுத்துட்டு வந்த அன்னிக்கு அவர் என்ன சொன்னார்?" என்றாள் அண்ணி.

"ரொம்ப சந்தோஷமா வந்தார். ஆசிரியரே டீ வரவழைச்சுக் கொடுத்தாராம். கை குலுக்கினாராம். பேரு, எந்தப் பிரிவு, எத்தனை வருஷ சர்வீஸ், எல்லாம் நிதானமாக் கேட்டு எழுதிக்கிட்டாராம். நல்ல மனுஷன்னு சொன்னார்."

அண்ணி அதையும் தாளில் எழுதிக்கொண்டாள். கொழுந்தன் ஆறாம் பக்கத்துக்குப் போயிருந்தான். கீழ் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். 'திருத்தங்கள்.'

"அண்ணி, இந்தப் பேப்பர்ல படிக்கிற மாதிரி இருக்கிறது இது ஒண்ணுதான். 'மழை அளவு சென்டிமீட்டர் என்று தவறாகக் குறிப்பிடப்பட்டது. மில்லிமீட்டர் என்று படிக்கவும். நகரம் மூழ்கவில்லை. வருந்துகிறோம்.' அடுத்தது. 'காலமானதாக வெளியிட்ட பேராசிரியர் உயிருடன் இருக்கிறார். வருந்துகிறோம்.' உயிரோட இருக்கிறதுக்கு எதுக்கு வருந்தணும்? இது பதினெட்டாம் தேதி. 'தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பட்டியல் தொடர்பான செய்தியில், அதில் கையெழுத்திட்ட அதிகாரி உளவுத் துறையின் துணை இயக்குநர் என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் இணை இயக்குநர். வருந்துகிறோம்.' அடுத்தது, 'பூனைக் கண்காட்சி நடந்தது ஞாயிற்றுக்கிழமை அல்ல...'"

நிறுத்தினான். தையல்காரம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"பூனையை விடு," என்றாள் அண்ணி. "முன்னாடி இருக்கிறதைத் திரும்பப் படி."

படித்தான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பத்தாம் தேதியிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். நாய் இருந்தது. நடிகர் இருந்தார். பட்டியல் இல்லை. ஒட்டுக்கேட்பு என்ற சொல்லே இல்லை.

"செய்தி வரல," என்றாள் அண்ணி. "செய்திக்குத் திருத்தம் வந்திருக்கு."

"குழந்தையே பிறக்கல, பேரு தப்புன்னு சண்டை."

"யாரோ அதைப் படிச்சிருக்காங்க, தம்பி. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே. படிச்சுட்டு, தன் பதவி தப்புன்னு எழுதியிருக்காங்க. பதினெட்டாம் தேதிக்கு முன்னால." அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் மடித்தாள். "கிளம்பு."

"மூணு மாசமா யார் கண்ணுலயும் படலையே இது!"

"திருத்தத்தை யார் படிக்கிறா? ஆசிரியர் படிக்க மாட்டார். உளவுத் துறை நாடு முழுக்க ஃபோனைக் கேக்கும், ஆறாம் பக்கம் புரட்டாது."

பத்திரிகை அலுவலகம் எட்டு மாடி. முகப்பெல்லாம் கண்ணாடி. வரவேற்பில் இருந்த பெண் முதலில் கைப்பேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினாள். உள்ளே படம் எடுக்கக் கூடாதாம்.

"செய்தி வெளிய போயிடும்னு பயம்," என்றான் கொழுந்தன். "இவங்களுக்கு அது புதுசா இருக்கும்."

அண்ணி சிரிக்காமல் பெண்ணிடம் சொன்னாள்: "உங்க பேப்பர்ல ஒரு தப்பு வந்திருக்கு. அதைப் பத்திப் பேசணும்."

"தப்புன்னா மூணாவது மாடி மேடம்."

"சரியா இருந்தா எந்த மாடி?" என்றான் கொழுந்தன்.

"அதுக்குத் தனியா மாடி இல்ல சார்," என்றாள் அவள். கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல் சொன்னாள்.

மூன்றாம் மாடியில், தபால் பிரிக்கும் அறைக்குப் பின்னால், ஒரு சன்னல் இல்லாத அறை. உள்ளே ஒரு மனிதர். முழுக்கைச் சட்டை, மார்புப் பையில் சிவப்புப் பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று. மேசையில் தூசு இல்லை. அலுவலகத்தில் அவருக்கு 'வருந்துகிறோம்' என்று பெயர். எட்டு மாடிக்கும் வேறு பெயர் தெரியாது. அவரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அது அவர் வரம்புக்கு வராது. பேப்பரில் அச்சானது மட்டும்தான் அவர் வரம்பு.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார், கேட்காமலே. "ஒரு கடிதம்கூட விட்டுப் போனதில்ல. தப்புன்னு யார் எழுதினாலும் நாலு நாளுக்குள்ள திருத்தம் வந்துடும். மந்திரியா இருந்தாலும் சரி, மளிகைக் கடைக்காரரா இருந்தாலும் சரி."

"பதினெட்டாம் தேதி ஒண்ணு போட்டிருக்கீங்க," என்றாள் அண்ணி. பக்கத்தை விரித்தாள். "இந்தச் செய்தி எந்த நாள் பேப்பர்ல வந்தது?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தெரியாது மேடம்."

"நீங்க பேப்பர் படிக்கிறதில்லையா?"

"படிச்சா பாரபட்சம் வந்துடும். இதெல்லாமா தப்புன்னு தோணும். தப்பு இல்லாததும் தப்பாத் தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "தவிர, நான் பேப்பர் வாங்குறதில்ல."

கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான்கு விநாடி.

"அந்தக் கடிதம் இருக்கா?"

இருந்தது. தேதிவாரியாகக் கோப்பில் இருந்தது. இரண்டு ஓட்டை, பச்சை நாடா. அவர் எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதில் ஒரு பெருமை. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் வந்து கோப்பைப் பார்க்கக் கேட்டதில்லை.

உளவுத் துறையின் முத்திரைத் தாள். பதினான்காம் தேதி. 'பொருள்: திருத்தம் கோருதல்.' அண்ணி வாய்விட்டுப் படித்தாள்.

"'தாங்கள் பன்னிரண்டாம் தேதி என் பார்வைக்கு அனுப்பிவைத்த செய்தியின் அச்சுப்படி கிடைத்தது. அதனை வெளியிடுவதில்லை என்ற தங்கள் முடிவு வரவேற்கத்தக்கது. எனினும் அதில் என்னைத் துணை இயக்குநர் என்று குறிப்பிட்டிருப்பது தவறு. பத்தொன்பது ஆண்டு காத்திருப்புக்குப் பின் சென்ற மாதம் இணை இயக்குநராகப் பதவி உயர்வு பெற்றுள்ளேன். உரிய திருத்தம் செய்துகொள்ள வேண்டுகிறேன்.'"

மின்விசிறி சுற்றியது.

"வெளியிடறதில்லைன்னு தெளிவா எழுதியிருக்கே ஐயா," என்றான் கொழுந்தன். "அப்புறமும் திருத்தம் போட்டீங்களா?"

"நான் பொருள் வரியும், தப்பு எதுங்கிற வரியும் மட்டும்தான் படிப்பேன். மத்ததெல்லாம் திட்டா இருக்கும். படிச்சா அன்னிக்குச் சாப்பாடு இறங்காது."

தபால் அறையில் இருப்பவர் 'திருத்தம்' என்ற சொல்லைப் பார்த்திருக்கிறார். ஆசிரியருக்குப் போக வேண்டிய கடிதத்தை இந்த அறையில் போட்டிருக்கிறார். இவர் போட்டுவிட்டார். எட்டு மாடியில் தன் வேலையைச் செய்த இரண்டே பேர். அதனால்தான் உண்மை வெளியே வந்தது.

"இதுக்கு ஒரு பிரதி வேணும்," என்றாள் அண்ணி.

"பிரதி எடுக்க ஆசிரியர் கையெழுத்து வேணும் மேடம். விதி." அண்ணி தடுப்பதற்குள் அவர் மேசைத் தொலைபேசியை எடுத்துவிட்டார். "சார், வணக்கம். திருத்தப் பகுதிலேருந்து. உளவுத் துறைக் கடிதம் ஒண்ணு, பதினாலாம் தேதி, பிரதி கேக்குறாங்க..."

ஆசிரியர் எட்டாவது மாடியிலிருந்து இறங்கி வர ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. மின்தூக்கிக்கும் அவர்மேல் மரியாதை போலிருக்கிறது. நல்ல உயரம், நல்ல சட்டை, நல்ல சிரிப்பு. தொலைக்காட்சி விவாதங்களில் ஜனநாயகத்தைப் பற்றிக் கவலைப்படும் அதே முகம்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் நின்றுகொண்டிருந்தவர்களிடம். "டீ சாப்பிட்டீங்களா?"

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "உங்க டீயோட விலை எங்களுக்குத் தெரியும்."

அவர் கடிதத்தை வாங்கினார். படித்தார். மடித்தார். மடிப்பில் கிழித்தார். நான்காக, எட்டாக. துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எச்சில் இலையை எடுப்பதுபோல் நிதானமாகச் செய்தார்.

"என்ன கடிதம் கேட்டீங்க?" என்றார்.

கொழுந்தன் ஓரடி முன்னால் வந்தான். அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

"யார் தடுத்தாங்க, அந்தச் செய்தியை?" என்றாள்.

"யாரும் தடுக்கல. அதுதான் எங்க பெருமை. இத்தனை வருஷத்துல அரசாங்கம் எங்க மேல ஒரு தடை உத்தரவுகூடப் போட்டதில்ல."

"கூப்பிடறதுக்கு முன்னாடியே போய் நின்னா யார் சார் கூப்பிடப் போறாங்க?" என்றான் கொழுந்தன்.

"தம்பி, உங்களை எனக்குத் தெரியும். செய்தி வாசிக்கும்போது சிரிச்ச ஆளு."

"நீங்க சிரிக்காம அச்சடிக்கிறீங்களே, அந்தத் திறமை எனக்கு வரல சார்."

ஆசிரியரின் சிரிப்பு அப்படியே இருந்தது. வருந்துகிறோம் பக்கம் திரும்பினார். "நாளைக் காலையில உங்க கட்டத்துல ஒரே ஒரு வரி வரணும். 'பதினெட்டாம் தேதி வெளியான திருத்தம் தவறுதலாக வெளியானது. அப்படி ஒரு செய்தி எங்களிடம் வரவே இல்லை.' சரியா?"

"சார்," என்றார் அவர். "திருத்தத்துக்கே திருத்தமா?"

"ஆமா."

"அந்தத் திருத்தம் சரி சார். அவர் இணை இயக்குநர்தான்."

"எழுதுங்கன்னா எழுதுங்க," என்றார் ஆசிரியர். கதவைச் சாத்திக்கொண்டு போனார். சத்தம் வராமல் சாத்தினார்.

அண்ணி மேசை மேல் கிடந்த பச்சை நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாளைக் காலை எட்டு மணிக்கே அந்த மறுப்பு எல்லா வீட்டு வாசலிலும் விழும். பதினொரு மணிக்கு அரசாங்க வக்கீல் கையில் இருக்கும். அண்ணி கையில் இருப்பது, தவறு என்று பத்திரிகையே ஒப்புக்கொண்ட ஒரு காகிதம்.

"வா தம்பி, போகலாம்," என்றாள். பிறகு வருந்துகிறோமைப் பார்த்தாள். "உங்க கட்டம் ஒண்ணுதான் இந்தப் பேப்பர்ல நம்பலாம்னு நெனச்சோம் ஐயா. பரவாயில்ல. இருபத்திரண்டு வருஷத்துல முதல் பொய்யை நாளைக்குப் போடுங்க."

அவர் முகம் சிவந்தது. எழுந்தார். கதவைத் தாழ்ப்பாள் போட்டார். அலமாரிக்குக் கீழே குனிந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தார். அதன்மேல் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தது: 'திருப்தி.'

"இது எதுக்குன்னு யாரும் கேட்டதில்ல," என்றார். "திருத்தம் வந்த அன்னிக்கே எழுதினவருக்கு அந்தத் துண்டையும் ஒரு பதில் அட்டையையும் அனுப்புவேன். தபால்தலை என் சொந்தச் செலவு. அதுல மூணு கேள்வி. திருத்தம் திருப்தியா? வேற தவறு உண்டா? வேற ஏதாவது சொல்லணுமா? நூத்துக்குத் தொண்ணூறு பேர் பதில் போட மாட்டாங்க. இவர் போட்டார். மறுநாளே."

விரல்கள் அட்டைகளைத் தள்ளின. ஒன்றில் நின்றன.

தபால் முத்திரை பத்தொன்பதாம் தேதி. அழகான கையெழுத்து. பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு 'இணை இயக்குநர்.'

திருத்தம் திருப்தியா? 'மிகவும்.'

வேறு தவறு உண்டா? 'உண்டு. பட்டியலில் 241 எண்கள் என்று அச்சுப்படியில் இருந்தது. நான் கையெழுத்திட்ட பட்டியலில் இருப்பவை 214.'

மூன்றாவதை அண்ணி மனதுக்குள் படித்தாள். பிறகு அட்டையைக் கொழுந்தனிடம் நீட்டினாள். அவன் வாசிப்பவன். வாய்விட்டு வாசித்தான்.

"'பட்டியலை எடுத்து வந்த ஊழியரின் பெயரையும் பிரிவையும் எனக்குத் தெரிவித்த ஆசிரியருக்கு என் நன்றியைச் சொல்லவும். நாளையே நடவடிக்கை எடுக்கப்படும்.'"

பத்தொன்பதுக்கு மறுநாள் இருபது.

கொழுந்தனிடம் ஒரு நக்கலும் இல்லை. செய்தியை அமுக்கினார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். அமுக்குவது சோம்பேறித்தனம். இது உழைப்பு. டீ வரவழைத்து, கை குலுக்கி, பெயரை நிதானமாகக் கேட்டு எழுதி, அதே தாளை உளவுத் துறைக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

"அட்டையில போய் இதை எழுதுவானா அண்ணி?" என்றான் கடைசியில்.

"ஒட்டுக்கேக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு தம்பி. தான் எழுதுறதை அடுத்தவன் படிப்பான்னு தோணவே தோணாது." அண்ணி வருந்துகிறோமைப் பார்த்தாள். "இந்த அட்டை எங்களுக்கு வேணும் ஐயா."

"அட்டை பெட்டியை விட்டு வெளிய போகக் கூடாது. விதி."

"யார் போட்ட விதி?"

"நான்தான்."

"ஒரு ஆள் மூணு மாசமா உள்ள இருக்கார்."

அவர் பெட்டியை மூடினார். ரப்பர் வளையம் போட்டார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்தினார்.

"பெட்டியோட நானும் வரேன்," என்றார். "கோர்ட் எத்தனை மணிக்கு?"

மறுநாள் காலை நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. கேமராக்கள், ஒலிவாங்கிகள், ஏணி மேல் நின்ற ஆட்கள். தையல்காரம்மா பயந்துவிட்டாள்.

"நம்ம கேஸுக்கா இவ்வளவு பேர்?"

"ரெண்டாவது ஹால்," என்றான் கொழுந்தன். "நடிகருக்கு விவாகரத்து. நாய் யாருக்குன்னு இன்னிக்குத் தீர்ப்பு."

மூன்றாவது ஹாலில் செய்தியாளர் பெஞ்சில் ஒரே ஒரு ஆள், அதே எட்டு மாடிப் பத்திரிகையிலிருந்து. சுவரில் ப்ளக் பாயிண்ட் அங்கேதான் இருந்தது. கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு தூங்கினான்.

எழுத்தரைக் கூட்டிவந்து கூண்டில் நிறுத்தினார்கள். மெலிந்திருந்தார். காவலர் ஒருவர் அவர் மேல்கையைப் பிடித்திருந்தார். நிற்கச் சொல்லிப் பிடித்தார், திரும்பச் சொல்லித் தள்ளினார். மூன்று மாதத்தில் அந்தக் கைக்குப் பழகிவிட்டிருந்தது.

அரசாங்க வக்கீல் எழுந்தார். பின்னால் இணை இயக்குநர், கோட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டி, விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கனம் நீதிபதி அவர்களே, பதினெட்டாம் தேதித் திருத்தம் ஒன்றை எதிர்த் தரப்பு காட்டக்கூடும். அந்தத் திருத்தமே தவறு என்று அதே பத்திரிகை இன்று காலை ஒப்புக்கொண்டிருக்கிறது." செய்தித்தாளை உதறினார். ஆறாம் பக்கம். கீழ் மூலை. வாய் திறந்தது. மூடியது.

"படிங்க," என்றார் நீதிபதி. வயதான பெண்மணி. கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர்.

"இதில்... 'இன்று திருத்தம் எதுவும் இல்லை' என்று இருக்கிறது."

கொழுந்தன் பின் வரிசைக்குத் திரும்பினான். வருந்துகிறோம் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுத்தரின் வக்கீல் அட்டையைக் கொடுத்தார். வருந்துகிறோம் சாட்சிக் கூண்டில் ஏறி, அது தனக்கு எப்படி வந்தது என்று ஐந்து வரியில் சொன்னார். நீதிபதி அட்டையை ஒருமுறை படித்தார். திருப்பி முத்திரையைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

அவர் எழுந்தார். "நினைவில்லை."

"பட்டியல்னு ஒண்ணு கிடையாது. உங்க துறை பிரமாணமாச் சொல்லியிருக்கு."

"ஆமாம், கிடையாது."

"இல்லாத பட்டியல்ல எத்தனை எண் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதிகாரி அரசாங்க வக்கீலைப் பார்த்தார். வக்கீல் செய்தித்தாளை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

"போலீஸ் இவர் வீட்டுல கைப்பற்றின தாள்ல எத்தனை?" என்றார் நீதிபதி. குமாஸ்தா எண்ணினார். ஹால் முழுக்கக் காத்திருந்தது. இரண்டாவது ஹாலிலிருந்து கைதட்டல் கேட்டது.

"இருநூத்திப் பதினாலு."

நீதிபதி எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சொன்னார். போலி ஆவணம் என்ற குற்றச்சாட்டு நிற்காது. எழுத்தரை உடனே விடுவிக்க வேண்டும். இணை இயக்குநரும் பத்திரிகை ஆசிரியரும் திங்கட்கிழமை இதே ஹாலில் ஆஜராக வேண்டும். அட்டை நீதிமன்றத்திடம் இருக்கும்.

"ரசீது வேணும்மா," என்றார் பின் வரிசையிலிருந்து வருந்துகிறோம். நீதிபதி கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்துவிட்டு, கொடுக்கச் சொன்னார்.

தையல்காரம்மா அழவில்லை. கூண்டின் மரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கணவரின் சட்டைக் காலரையே பார்த்தாள். "தையல் பிரிஞ்சிருக்கு," என்றாள்.

பெஞ்சில் தூங்கியவன் சத்தம் கேட்டு எழுந்தான். கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி அலுவலகத்தை அழைத்தான். கொழுந்தன் பக்கத்தில் போய் நின்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல சார். ஏதோ ஆபீஸ் தகராறு. ஆள் வெளிய வர்றான். இல்ல சார், அழல."

"திங்கட்கிழமை உங்க ஆசிரியர் அழுவார்," என்றான் கொழுந்தன். "அப்பவாவது ஃபோட்டோ எடுப்பீங்களா?"

அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளச் சம்பளம் இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் நடிகர் வந்துவிட்டார். கேமராக்கள் மொத்தமாகத் திரும்பின. ஒளிவிளக்கு வெயிலைத் தோற்கடித்தது. அந்த நேரத்தில்தான் எழுத்தர் மூன்றாவது ஹால் வாசலில் காலை வைத்தார். அரசாங்கம் யாருடைய பேச்சையெல்லாம் திருட்டுத்தனமாகக் கேட்டது என்று தெரிந்து, அதை வெளியே சொல்லத் துணிந்த ஒரே மனிதர். முப்பது ஒலிவாங்கிகள் பத்தடி தூரத்தில்.

ஒரு கேமராக்காரன் கையை ஆட்டினான்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபிரேம்ல வர்றீங்க."

கொழுந்தன் வாயைத் திறந்தான். அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாள்.

எழுத்தர் கேமராவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு இரண்டடி தள்ளி, அவள் பக்கத்தில் போய் நின்றார். அவர் கையை யாரும் பிடித்திருக்கவில்லை.